பத்து யூரோவுக்கு ஊர்ப்பேரா, சுவையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"பத்து யூரோவுக்குச் சிவப்பு ஒயின் வாங்குகிறவர் பேர்போன ஊரை நம்ப வேண்டுமா, பேர் தெரியாத ஊரைத் தேட வேண்டுமா?" இதுதான் தலைப்பு. தேடத்தான் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், பிரான்ஸின் பேர்போன ஒயின் பகுதியான போர்தோவின் தோட்டங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்த 1855 தரவரிசையைக் காட்டி, "இத்தனை காலம் நிற்கும் பட்டியலை விடவா சாட்சி வேண்டும்?" என்று கேட்டார். சரி, அந்தப் பட்டியல் எப்படி வந்தது? பாரிஸ் கண்காட்சிக்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டார், போர்தோ தரகர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்து ஒயின் சந்தையில் என்ன விலைக்குப் போனது என்பதுதான் அவர்கள் வைத்த அளவுகோல். அன்று விலையைப் பார்த்துத் தரம் எழுதினார்கள், இன்று அந்தத் தரத்தைக் காட்டி விலை கேட்கிறார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறிய ஒரே தோட்டம் மூத்தோன் ரோத்ஷில்ட். அதுவும் 1973இல்தான்.

அந்த முதல் வகுப்பு ஒயின்களின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து யூரோவுக்கு அவை வராது நண்பரே. அந்தக் காசுக்கு வருவது அதே ஊர்ப்பேரை ஒட்டிய வேறு ஒயின்.

அதே காசோடு பியர்சோவுக்கு வாருங்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலை, நாலு பக்கமும் மலை. திராட்சையின் பெயர் மென்சியா. சிலேட்டுக்கல் சரிவுகளில் துண்டு துண்டான சிறு தோட்டங்கள், தாத்தா காலத்துக் கொடிகள். 1990களின் கடைசியில்தான் வெளியுலகம் இந்தப் பக்கம் நன்றாகத் திரும்பிப் பார்த்தது. இன்னும் பேருக்கான கூலி விலையில் முழுதாக ஏறவில்லை.

இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து ஊற்றிப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் ஊதா தெரியும். முதல் மடக்கில் செர்ரி, அப்புறம் லேசாக மிளகு. அதன்பின் வருகிறது துவர்ப்பு. நாவல்பழம் தின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாக்கின் ஓரத்தைப் பிடிக்கும், ஆனால் கசக்காது. உடனே வாய் ஊறி அடுத்த கவளத்தைக் கேட்கும். வறுத்த ஆட்டிறைச்சியோடு இதைக் குடித்த இரவை நான் மறக்கவில்லை.

எல்லை தாண்டினால் போர்ச்சுகலின் தாவோ பகுதியில் இதே திராட்சைக்கு ஜயேன் என்று பெயர். ஹங்கேரிக்குப் போனால் வேறொரு திராட்சை, கேக்ஃபிராங்கோஷ். புளிப்பு தூக்கலாக, கொழுப்பான பன்றிக்கறிக்கு எடுப்பாக இருக்கும். தேடினால் இரண்டுமே இந்த விலைக்குள் கிடைக்கின்றன.

"தெரியாத ஊரில் ஏமாறுவீர்கள்" என்றார் நண்பர். ஏமாந்திருக்கிறேன். எட்டு யூரோ கொடுத்து வாங்கிய ஒரு புட்டியைக் குழம்பில்தான் ஊற்றினேன். பேர்போன ஊர்ப் புட்டியையும் அப்படி ஊற்றியிருக்கிறேன், அதற்கு இருபது கொடுத்திருந்தேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் நடுவர் வழியாக ஒன்று கேட்கிறேன். பத்து யூரோவுக்குள் ஒரு போர்தோ கொண்டு வாருங்கள், என் பியர்சோவையும் வைக்கிறேன். இரண்டையும் துணியால் சுற்றி, நடுவருக்கு ஊற்றிக் கொடுப்போம்.