ஐந்து எல், மூன்று எஸ்: இது ராகமா, சட்டை அளவா?

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இப்போது தெரிகிறதா? கீபோர்டு முழுக்கப் பொட்டு. ஆமாம், ஸ்டிக்கர் பொட்டுதான். பண்டிகை ஒன்றும் இல்லை.

ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை, வழக்கமான 12 மெட்டுக்குப் பதிலாக 19 மெட்டு வைத்த என் கிதார் கதையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வழக்கமாக 36 மில்லிமீட்டரில் இருக்கும் முதல் மெட்டு 23 மில்லிமீட்டரிலேயே வந்து நின்றது. வெண்டைக்காய் விரல்களை வைத்துக்கொண்டு எங்கே அழுத்துவது? அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. இனி மரவேலை வேண்டாம், கீபோர்டே போதும் என்று முடிவெடுத்தேன். ஸ்தாயியை 13 சமபாகமாகப் பிரித்து, அந்தச் சுருதிகளைக் கணினி வழியாகக் கட்டைகளுக்குக் கொடுத்தாயிற்று. சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் ஒரு பாகம் 92.3. வழக்கமான அரைச்சுரம் 100 சென்ட் என்பது உங்களுக்குத் தெரியும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கீபோர்டு 12 கட்டைக்கு ஒருமுறை தன் வெள்ளை கறுப்பு வரிசையைத் திருப்பிச் சொல்லும். என் ஸட்ஜமோ, அதாவது ஸ, 13 கட்டைக்கு ஒருமுறை வருகிறது. முதலில் சி, அடுத்து சி ஷார்ப், பிறகு டி, டி ஷார்ப், கடைசியில் இ. ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஸட்ஜமம் ஒரு கட்டை தள்ளிப் போய் உட்கார்கிறது, வாடகை தராதவன் வீடு மாற்றுவதுபோல. அடையாளம் ஒட்டாமல் வாசிக்கவே முடியாது.

அதற்காக இணையத்தில் 349 ரூபாய் கொடுத்துக் கீபோர்டு ஸ்டிக்கர் வாங்கினேன். முந்நூற்று நாற்பத்தொன்பது! வந்த உறையைப் பிரித்தால் சி, டி, இ என்று எழுத்து அச்சடித்த தாள். எனக்கு எதற்கு சி, டி, இ? திருப்பி அனுப்பலாம் என்றால், பிரித்த பொருளை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எப்படிப் பார்ப்பேன்? நேற்று மாலை தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் அம்மாவுக்கு ஹேர்பின் வாங்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. பொட்டு அட்டை, பத்து ரூபாய். மெரூனில் ஒன்று, சிவப்பில் ஒன்று. இருபது ரூபாயில் வேலை முடிந்தது. இந்த ஆண்டில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு இதுதான்.

மொத்தம் 37 பொட்டு. ஐந்து சிவப்பு ஸட்ஜமத்துக்கு, 32 மெரூன் மற்ற சுரங்களுக்கு. சொல்ல மறந்துவிட்டேன், என்னுடையது 61 கட்டை கீபோர்டு. உங்களுடையது 49 என்றால் கணக்கு மாறும்.

13 கட்டையில் எட்டுக்குத்தான் பொட்டு. எந்தக் கட்டைகளுக்கு? பூஜ்யத்தில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டுங்கள். 13ஐத் தாண்டினால் 13ஐக் கழித்துவிடுங்கள். 0, 5, 10, 2, 7, 12, 4, 9. ஒவ்வொரு எண்ணைச் சேர்த்ததும் வரிசைப்படுத்தி இடைவெளிகளைப் பாருங்கள். மூன்று சுரம் ஆனதும் இடைவெளிகள் 5, 5, 3. இரண்டே அளவு. நான்கில் 2, 3, 5, 3. மூன்று அளவாகிக் குழம்புகிறது. ஐந்து சுரத்தில் 2, 3, 2, 3, 3. மறுபடி இரண்டே அளவு. ஆறிலும் ஏழிலும் குழப்பம். எட்டாவது சுரம் விழுந்ததும் 2, 2, 1, 2, 2, 1, 2, 1. மறுபடி இரண்டே அளவு, எல்லாம் கச்சிதமாக இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அந்த நொடிக்கு ‘சமச்சீர்த் தருணம்’ என்று 1975இல் பெயர் வைத்தவர் இசைக் கோட்பாட்டாளர் எர்வ் வில்சன். மெக்சிகோவில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்க இப்படிப்பட்ட வலைப்பின்னல்களை வரைந்துகொண்டே இருந்த மனிதர். ஆங்கிலத்தில் அதை மாஸ் என்று சுருக்குவார்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இன்று காலை இதை வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா காபியோடு வந்து நின்றார். பாட்டு டீச்சர் அல்லவா, விட மாட்டார். “பஞ்சமம் எங்கேடா?” என்றார். இல்லை. ஏழாவது கட்டை 646 சென்ட், எட்டாவது 738. சுத்த பஞ்சமம் இருக்க வேண்டிய 702இல் ஆளே இல்லை. “சரி, இதற்குப் பெயர் என்ன?” “ஐந்து எல், மூன்று எஸ், அம்மா.” அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “ராகத்தின் பெயர் கேட்டால் சட்டை அளவு சொல்கிறாயே!”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படி என்றால் அடுத்தடுத்த சுரங்களின் இடைவெளி. எல் என்றால் பெரிய படி, எஸ் என்றால் சிறிய படி. என் எட்டுச் சுரத்தில் 2 ஐந்து முறை, 1 மூன்று முறை. எத்தனை பெரியவை, எத்தனை சிறியவை என்ற கணக்கு அதில் இருக்கிறது. நேர்மையான குறியீடுதான், ஆனால் வாயில் நிற்பதில்லை. நம் வழக்கமான மேஜர் ஸ்கேலும் அதன் சுழற்சிகளும், அதாவது அதே வரிசையை வேறொரு சுரத்திலிருந்து தொடங்கினால் கிடைப்பவையும், 5எல் 2எஸ். அதைத் தலைகீழாக்கினால் 2எல் 5எஸ்.

இந்தக் குறையைத் தீர்க்கவே டாம்நாம்ஸ் என்றொரு பெயரிடும் முறை இருக்கிறது. பெயரிலேயே நாமம் இருக்கிறது, போட்டும் விடுகிறார்கள். 5எல் 3எஸ்ஸுக்கு ஒனைரோடோனிக். கிரேக்கத்தில் ஒனைரோஸ் என்றால் கனவு. அதன் எட்டுச் சுழற்சிகளுக்கும் அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கனவுலகக் கதைகளிலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள்: டைலாத்தியன், உல்தாரியன், கடாத்தியன் என்று போகும். அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். 4எல் 3எஸ்ஸுக்கு ஸ்மிடோனிக், 3எல் 4எஸ்ஸுக்கு மோஷ். மோஷ்! தும்மியபோது வைத்த பெயரா? இந்தப் பெயர்களைக் கேட்டு எத்தனை சுரம் என்று ஊகிக்க முடியுமா? மனப்பாடம் செய்தால்தான் உண்டு.

அம்மா உடனே, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையை எடுத்தார். கர்நாடக இசையின் 72 தாய் ராகங்கள்தான் மேளகர்த்தா. ஒரு மேளகர்த்தாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கு எண் போட்டுத் திருப்பினால் மேள எண். மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு, திருப்பினால் 65. எண்ணிலிருந்து சுரங்கள் தாமாகவே வந்துவிடும். பெயரே சாவி. எனக்கு இது உயிர். ஆனால் தமிழில் எழுதியதை அப்படியே படித்துப் பாருங்கள். கரகரப்பிரியாவில் க ஒன்று, ர இரண்டு. திருப்பினால் 21, கீரவாணி வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்! அங்கே வடமொழியின் இரண்டாவது ‘க’வைப் போட்டால்தான் சரியான 22 வரும். தீரசங்கராபரணமும் இப்படித்தான். 29க்குப் பதிலாக 26, அதாவது சாருகேசி. நமக்கு ஒரே ‘க’, ஒரே ‘த’ என்பதால் வந்த வினை.

இதை அம்மாவிடம் சொன்னேன். முறைத்தார். 72 என்று எல்லை கட்டிவிட்டதால்தான் கடபயாதி ஓடுகிறது, இங்கே எல்லையே இல்லை என்றேன். இன்னும் முறைத்தார்.

அம்மாவை மடக்கியது பாலைகள்தான். சிலப்பதிகாரத்தில் வருபவை: செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை. ‘குரல்’ என்பது ஏழு சுரங்களில் முதலாவது, அதன் இடத்தை மாற்ற மாற்ற ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும். அதாவது சுழற்சிகள். ஏழிலும் ‘பாலை’ என்ற குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டதும் தெரியும். உல்தாரியனும் கடாத்தியனும் உடன்பிறப்பு என்று யாருக்குத் தெரியும்?

டாம்நாம்ஸைத் திட்டிக்கொண்டே போகிறேன், அதில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெரிய படிக்கும் சிறிய படிக்கும் உள்ள விகிதத்துக்கு அவர்கள் வைத்த பெயர்கள். இரண்டுக்கு ஒன்று என்றால் அடிப்படை. மூன்றுக்கு இரண்டு என்றால் மென்மை. மூன்றுக்கு ஒன்று என்றால் கடினம். இதே 5எல் 3எஸ்ஸில், ஸ்தாயியை 13 பாகமாக்கிய என்னுடையது அடிப்படை, 21 பாகமாக்கினால் மென்மை, 18 பாகமாக்கினால் கடினம். மூன்றையும் நேற்று அடுத்தடுத்து வாசித்தேன். 18இல் சிறிய படி 67 சென்டுக்கு இறங்கி, ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைத்தது. 21 இழுத்துப் போர்த்திக்கொண்டதுபோல இருந்தது. காது சொல்வதைப் பெயரும் சொல்கிறது. இப்படி வைத்தால் நான் ஏன் சண்டை போடப் போகிறேன்?

என் பங்குக்கு எல், எஸ்ஸை விட்டுவிட்டுப் பெரும்படி, சிறுபடி என்று சொல்லப் போகிறேன். ‘ஐம்பெரு முச்சிறு’. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிற்றுண்டிப் பெயர்போல இருக்கிறதாம். சட்டைக்கு இது தேவலை.

சரி, வாசிக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டேன். கை வேர்த்தால் பொட்டு கழன்று விரலோடு வந்துவிடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்... இதோ, மூன்றாவது சிவப்பைக் காணோம். ஒரு நிமிடம். அட, முழங்கையில் இருக்கிறது.