கட்டிலை எந்த மூலையில் போடுவது? கணினி கணக்குப் போடும் விதம்

[திரையில்: வீட்டு வரைபடம்]

வணக்கம். போருக்குப் பிறகு இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் இலங்கையின் வன்னியில் எழும்பிய வீடுகள் 550 சதுர அடி. கட்டில், அலுமாரி, தையல் மெஷின், பிள்ளைகள் படிக்கிற மேசை எல்லாம் அதற்குள்தான்.

[பத்துக்குப் பத்து அறை, மேலே கட்டங்கள்]

ஓர் அறையை மட்டும் எடுப்போம். பத்தடிக்குப் பத்தடி. அங்குலத்துக்கு அங்குலம் நகர்த்தினால் 14,400 இடங்கள், நாலு பக்கமும் திருப்பினால் 57,600. இது ஒரு பொருளுக்கு. ஆறு பொருளுக்கு இதை ஆறு தரம் பெருக்கினால் வருவது 29 இலக்க எண். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எந்தக் கணினியாலும் ஏலாது.

அதனால் தண்டப்புள்ளி போடுகிறார்கள். கதவு அலுமாரியில் முட்டினால் தண்டம். யன்னல் மறைந்தாலும், கதிரையை இழுக்க இடமில்லாவிட்டாலும் தண்டம். 2011 இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வந்த இரண்டு ஆய்வுகளின் அடிப்படை இதுதான்.

[பொருட்கள் தாறுமாறாக நகர்கின்றன]

முதலில் கணினி எல்லாவற்றையும் கண்டபடி வைக்கும். பிறகு ஒன்றை நகர்த்தும், திருப்பும், இரண்டை இடம் மாற்றும். தண்டம் குறைந்தால் அப்படியே விடும். கூடினாலும் சிலவேளை ஏற்றுக்கொள்ளும்! கெட்டித்தனமே அங்கேதான். கட்டில் பிழையான மூலையில் கிடக்க, மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் பொருந்திவிட்டால், கொஞ்ச நேரம் அறையைக் குழப்பாமல் கட்டிலை எடுக்க முடியாது. தொடக்கத்தில் நிறையக் குழப்பத்தைப் பொறுக்கும், போகப்போகப் பொறுக்காது. காய்ச்சிய உலோகத்தை மெல்ல ஆறவிடுவதைப் பார்த்து, 1983 இல் ஆய்வாளர் கிர்க்பட்ரிக் குழுவினர் எழுதிய முறை இது.

[நவீன வரவேற்பறைப் படங்கள்]

இப்போது விதி எழுதாமல், ஆயிரக்கணக்கான அறைகளைக் காட்டியே கணினியைப் பழக்குகிறார்கள். சீன நிறுவனமான அலிபாபா வெளியிட்ட 3டி-ஃப்ரண்ட் என்ற அறை மாதிரித் தொகுப்பு அதற்கு அதிகம் பயன்படுகிறது. சோபாவும் சாப்பாட்டு மேசையும் அதில் தாராளம். காலபோக நெல்லை வெட்டி மூட்டையை ஹோலில் அடுக்குகிற வீட்டை அது எங்கே கண்டது?

என்னைக் கேட்டால், நமக்குப் பழைய தண்டப்புள்ளி முறைதான் தோது. புது விதி எழுதினால் போதும்: மூட்டை ஈரச்சுவரோடு ஒட்டக்கூடாது, லொறிக்குத் தூக்க வாசலுக்குக் கிட்ட இருக்கவேணும். சாமிப்படம் கிழக்குப் பார்க்கவேணும் என்பதையும் சேர்க்கலாம்.

சரி, இரண்டு விதி முட்டிக்கொண்டால்? எதற்கு எவ்வளவு தண்டம் என்பது வீட்டுக்காரர் கையில். அம்மம்மா சாமிப்படத்துக்கு 1000 போடச் சொன்னால், யன்னலை மறைத்தாவது கணினி கட்டிலைத் தள்ளி, சாமிப்படத்துக்கு இடம் விடும்.