பிரைட்னஸை அடிமட்டத்தில் வைத்தும் சார்ஜ் நிற்கவில்லையே, ஏன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். படித்ததிலிருந்து அது மனதை விட்டுப் போகவே இல்லை. ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார்: "அண்ணா, போனில் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதற்காக, சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை வெளிச்சத்தைத் தானாக மாற்றும் ஆட்டோ பிரைட்னஸை நிறுத்திவிட்டேன். எப்போதும் அடிமட்டத்தில் வைத்துத்தான் படிக்கிறேன். கண் வலிக்கிறது, சில நாள் தலையும் வலிக்கிறது. அப்படியும் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் எப்படிக் குறைப்பது?"

குறைக்கவே வேண்டாம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே கொஞ்சம் ஏற்றி வையுங்கள். கண்ணை வருத்திக்கொண்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது மிகச் சின்ன அளவு. ஏன் என்று விளக்கமாகவே பார்ப்போம், இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் பலரிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

மேலிருந்து விரலால் இழுத்தால் சூரியன் படத்தோடு ஒரு கோடு வருமே, அதில்தான் விஷயம் இருக்கிறது. கோட்டின் நடுவில் வைத்தால் பாதி சார்ஜ்தான் செலவாகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. 2010இல் ஆரன் கரோல், கெர்னோட் ஹைசர் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு போனைப் பிரித்து, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று தனித்தனியாக அளந்தார்கள். ஓப்பன்மோக்கோ என்ற பழைய போன் அது. திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, கோட்டின் அடிமட்டத்தில் 7.8 மில்லிவாட் எடுத்தது. உச்சத்தில் 414. நடுவில் வைத்தபோது எவ்வளவு தெரியுமா? 75. உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அடிமட்டத்திலிருந்து நடு வரைக்கும் ஏற்றினால் கூடுவது 67 மில்லிவாட். நடுவிலிருந்து உச்சத்துக்குப் போனால் கூடுவது 339. அதாவது கோட்டின் கீழ்ப்பாதி முழுவதும் சேர்ந்தே அவ்வளவு சின்னச் செலவு. சேமிப்பதற்கு இடம் இருப்பதெல்லாம் மேல்பாதியில். இன்றைய போன்களின் திரை பெரியது, எண்கள் எல்லாமே மாறும். ஆனால் கோடு இன்னமும் இப்படித்தான் வளைகிறது. சொல்லப்போனால், 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இல் கூகுள் இந்தக் கோட்டை நம் கண்ணுக்கு ஏற்றபடி வேண்டுமென்றே மாற்றி அமைத்தது. இருட்டறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் அறையே மாறிவிடும். நூறு எரிகிற இடத்தில் இன்னொன்று ஏற்றினால் யாருக்கும் தெரியாது. கண் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் கோட்டின் கீழ்ப்பகுதியில் வெளிச்சம் துளித்துளியாகக் கூடும், மேலே போகப் போக அள்ளிக் கொட்டும். கடைசிக் கால் பகுதியில் விரல் நகர்வது கொஞ்சம், சார்ஜ் போவது நிறைய.

சரி, அப்படியென்றால் ஆட்டோ பிரைட்னஸ் சார்ஜைத் தின்கிறது என்று சொல்கிறார்களே? இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆட்டோவை நம்பவே மாட்டார். வெயிலில் நின்று போனை எடுப்பார், ஒன்றும் தெரியாது. ஒரு கையைத் திரைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, தடவித் தடவி அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து உச்சத்துக்குத் தள்ளுவார். அதுவரை சரிதான், நேரடி வெயிலுக்கு அது வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். வெயிலின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ், விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு? போன் அதே உச்சத்தில் இருக்கும். அப்படியே உட்கார்ந்து இருட்டும் வரை செய்தி படிப்பார். கண் பழகிவிடுவதால் அவருக்கு அது அதிகமாகவும் தெரியாது.

வெயிலில் போனால் ஆட்டோ ஏற்றுகிறது என்பதை எல்லோரும் கவனிக்கிறோம். உள்ளே வந்ததும் அது சத்தமில்லாமல் இறக்கி வைப்பதை யாரும் கவனிப்பதில்லை. சார்ஜ் மிச்சமாவது அந்த இறக்கத்தில்தான். மனிதர்கள் ஏற்றுவதற்கு மறப்பதில்லை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இறக்குவதற்குத்தான் மறக்கிறோம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முன்பக்கக் கேமராவுக்குப் பக்கத்திலோ, சில போன்களில் திரைக்கு அடியிலேயோ ஓர் ஒளி சென்சார் இருக்கும். ஆட்டோவைப் போட்டுவிட்டு அந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடி, சில நொடி காத்திருங்கள். திரை மெதுவாக மங்கும். விரலை எடுங்கள், சட்டென்று ஏறும். ஏற்றம் வேகமாகவும் இறக்கம் நிதானமாகவும் இருக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள், நிழல் கடந்துபோகும்போதெல்லாம் திரை துடிக்கக் கூடாதல்லவா. அப்பாவுக்கு ஆட்டோ போட்டுக் கொடுத்தபோது, "வீடியோ பார்க்கும்போது மட்டும் மங்கிவிடுகிறது" என்றார். போனைப் படுக்கைவசமாகப் பிடிக்கும்போது அவர் விரல் சரியாக அந்தச் சென்சார் மேல் இருந்தது. பிடியை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் ஆட்டோ தாறுமாறாக நடந்தால், விரலையும் திரைமேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தையும் முதலில் பாருங்கள்.

ஆட்டோ வைக்கும் அளவு பிடிக்கவில்லை என்றால் அதை நிறுத்தாதீர்கள், ஆட்டோவிலேயே இருந்தபடி கோட்டை நகர்த்துங்கள். ஆண்ட்ராய்டு 9இலிருந்து, கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டோடு சேர்ந்து செய்த ஒரு வசதி, நீங்கள் எந்த வெளிச்சத்தில் எவ்வளவு வைக்கிறீர்கள் என்பதைக் கற்றுக்கொள்கிறது. சில நாள் பொறுமையாகத் திருத்தினால் போதும். பெரும்பாலானவர்கள் முதல் நாளே கோபப்பட்டு அணைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், பின்னணியைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் காட்டும் டார்க் மோடு. இதையும் கூடவே கேட்பீர்கள். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள். எல்சிடியில் பின்னால் இருக்கும் விளக்கு எப்படியும் எரியும், கறுப்புப் போட்டாலும் லாபமில்லை. நான் சொன்ன அந்த 2010 அளவீட்டில் பாருங்கள், பின்விளக்கைச் சேர்க்காமல் அந்த எல்சிடி திரை மட்டும் முழு வெள்ளைக்கு 33 மில்லிவாட், முழுக் கறுப்புக்கு 74! கறுப்புதான் அதிகம் எடுத்தது. ஓஎல்இடியிலும் எவ்வளவு மிச்சம் என்பது பிரைட்னஸைப் பொறுத்தது. 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோடுக்கு மாறினால் சராசரியாக 3 முதல் 9 சதவீத மின்சாரம்தான் மிச்சம். 100 சதவீதத்தில் இருந்தால் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சம். பார்த்தீர்களா, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம். கீழே சேமிக்க அதிகம் இல்லை, மேலேதான் இருக்கிறது. அடிமட்டத்தில் வைத்துப் படிப்பவருக்கு டார்க் மோடு கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், சார்ஜுக்காக வேண்டாம்.

தலைவலி என்று சொன்னீர்கள். அதை லேசாக விட எனக்கு மனமில்லை. பல ஓஎல்இடி திரைகள் குறைந்த வெளிச்சத்தைக் காட்டும்போது உண்மையில் வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. நொடிக்கு 240 முறை என்பது பல போன்களில் உள்ள வேகம். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி தருகிறது. பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றினால் அந்தத் துடிப்பு பல போன்களில் குறையும். ஒரு வாரம் ஏற்றி வைத்துப் பாருங்கள். அப்படியும் வலி விடவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வெயிலில் வண்டியில் மேப் போட்டுக்கொண்டு, உச்ச வெளிச்சத்தில், சார்ஜரையும் செருகி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சூட்டில் போனே தன் திரையை மங்க வைக்கும். 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூழலில் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. திரையை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டலை மட்டும் கேளுங்கள்.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விக்கு வருகிறேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அது. பிரைட்னஸ் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது, அப்படியும் சார்ஜ் போகிறது. அப்படியென்றால் அது பெரும்பாலும் திரை வெளிச்சத்தால் போகவில்லை. திரை அணைந்திருக்கும்போது உங்கள் போன் என்ன செய்துகொண்டிருக்கிறது?

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று பாருங்கள். அதைவிடவும் முக்கியமாக, நீங்கள் படிக்கிற இடத்தில் சிக்னல் எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். டவர் தூரமாக இருந்தால் போன் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கிறது. 4ஜி போன் உச்சத்தில் சுமார் 0.2 வாட் வரை அனுப்பும், அதை அனுப்புவதற்கு உள்ளே செலவாவது அதைவிட அதிகம். நீங்கள் கண் வலிக்கச் சேமித்த மில்லிவாட்டுகளை இது ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். அங்கே வைஃபை கிடைக்கிறதென்றால் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு அதில் இருங்கள்.

இன்றைக்கு இரவு தூங்கப் போகும்போது சார்ஜ் எத்தனை சதவீதம் என்று குறித்து வையுங்கள், சார்ஜரில் போடாதீர்கள். காலையில் மறுபடி பாருங்கள். மறுநாள் இரவு ஏரோப்ளேன் மோடில் போட்டு அதையே செய்யுங்கள். முதல் இரவில் நிறையக் குறைந்து, இரண்டாவது இரவில் கொஞ்சம் மட்டுமே குறைந்திருந்தால், சிக்னலோ இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் ஆப்போதான் காரணம். இரண்டிலும் ஒரே மாதிரி நிறையக் குறைந்தால் பேட்டரியே பழசாகியிருக்கலாம், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். அந்த நான்கு எண்களையும் கீழே எழுதுங்கள், போன் வாங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு உங்களுக்குத் தனியாகவே பதில் சொல்கிறேன். அதுவரை பிரைட்னஸை ஆட்டோவில் விட்டுவிட்டு, கண் கூசாமல், சுருக்காமல் படியுங்கள்.