படைக்குப் பின்னால் நிற்பவன்

(கிருஷ்ணகிரியில் முன்னாள் படைவீரர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)

மாவட்ட ஆட்சியர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, ஓசூர் ஆலைகளிலிருந்து வந்திருக்கும் மனிதவள மேலாளர்களே, வெயிலிலும் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.' கோழைக்குச் சொன்னதென்று சிரிக்கிறோம். நான் அப்படிப் படிப்பதில்லை. முன்னே நிற்கும் படைக்குப் பின்னே ஒரு படை வேண்டும். அதுதான் டெரிடோரியல் ஆர்மி: சொந்த வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பயிற்சி பெற்று, அழைத்தால் ராணுவத்தோடு போய் நிற்பவர்களின் படை. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி!

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: எப்போது அழைப்பார்கள், எங்கே அனுப்புவார்கள், திரும்பி வந்தால் வேலை இருக்குமா. காலாட்படைப் பிரிவில் ஆண்டுக்கு 2 மாதப் பயிற்சி. அதோடு சரி என்று நம்பிச் சேராதீர்கள், தம்பிகளே. 1962, 1965, 1971 போர்களில் இவர்கள் இருந்தார்கள். 2025 மே மாதம், 32 காலாட்படைப் பட்டாளங்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க அரசு ஒப்புதல் தந்தது. உத்தரவு வந்தால் போயே தீர வேண்டும்.

எங்கள் தெருத் தம்பி ஒருவர், சிப்காட்டில் ஃபிட்டர். தோத்தாபுரி மா காய்த்து, கிளைக்கு முட்டுக் கொடுத்திருந்த நேரம் அழைப்பு வந்தது. அப்பாவிடம் தோப்பை விட்டுவிட்டுப் போனார். பதினோரு மாதம். திரும்பியதும் முதல் ஷிப்ட்டுக்குப் போய் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைத்தார். சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு. பின்னால் நின்றவர்கள், "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க" என்கிறார்கள். செக்யூரிட்டி வந்து, "உங்க பேரு லிஸ்ட்லயே இல்லண்ணே" என்றார். அம்மா கட்டிக் கொடுத்த ராகிக்களியைத் திறக்காமலே கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார். அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "நாட்டுக்குத்தானே போனான், திருடவா போனான்?"

ஐயா, படைக்குப் பிந்தி நின்றவனுக்குப் பந்தியில் இலை இல்லையா? 1948-ஆம் ஆண்டு டெரிடோரியல் ஆர்மி சட்டத்தின் 7ஏ பிரிவு என்ன சொல்கிறது? ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டுப் போனவரைத் திரும்ப வேலையில் சேர்ப்பது முதலாளியின் கடமை. இடையில் போகாமல் வேலையிலேயே இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அதைவிடக் குறைந்த நிலையில் சேர்க்கக் கூடாது. இதைப் பல மேலாளர்கள் படித்ததே இல்லை. அந்தத் தம்பிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆலை வாசலிலிருந்து திரும்பியிருப்பாரா?

எங்கே அனுப்புவார்கள் என்பதை இன்னொரு நாள் பேசுகிறேன். இன்று எனக்கு இது ஒன்றே போதும். மேலாளர்களே, 7ஏ பிரிவைத் தமிழில் அச்சடித்து விரல் வைக்கும் மெஷினுக்கு மேலே ஒட்டுங்கள். அச்சுக்கூலியை நான் தருகிறேன்.