ஒட்டிய சுவரும் பூட்டிய கதவும்

(கோத்தகிரியில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். இந்த மூடுபனியிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், ரொம்ப மகிழ்ச்சி.

அறிவியல் புனைகதைகளில் அடிக்கடி ஒரு நகரம் வரும். மொத்த ஊரும் ஒரே கட்டடம். உள்ளே லட்சக்கணக்கில் மக்கள். நெல் விளைவது, தண்ணீர் சுத்தமாவது, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாமே உள்ளே. இதற்கு ‘ஆர்க்காலஜி’ என்று பெயர் வைத்தவர் இத்தாலியில் பிறந்த கட்டடக் கலைஞர் பாவ்லோ சொலேரி. ஊர் பரந்துபோய் நிலத்தைத் தின்னக் கூடாது, நெருக்கமாக மேலே எழும்ப வேண்டும் என்றார். 1970இல் அமெரிக்காவின் அரிசோனாவில் அர்கோசாந்தி என்ற ஊரைக் கட்டவும் ஆரம்பித்தார். 5,000 பேருக்கான திட்டம். அந்த எண்ணிக்கையை அது எட்டவே இல்லை.

நெருங்கி வாழ்வது நம் நீலகிரி மலைக்குப் புதிதல்ல. என் பாட்டி வீடு ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வரிசையில் மூன்றாவது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். ஆடி மழையில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் கதகதப்பாக இருக்கும். அந்தப் பக்கம் அவர்கள் அடுப்பு எரியும். வீடுகள் ஒட்டி நின்றதால்தான் சுற்றிலும் சாமைக்கும் ராகிக்கும் மாட்டுக்கும் நிலம் மிஞ்சியது. சொலேரி சொன்ன இந்தப் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

எல்லாம் உள்ளேயே போதும் என்று கதைகளின் நகரம் கதவைப் பூட்டிக்கொள்கிறதே, அந்த மறுபாதிதான் எனக்குப் பயம்.

அதை ஒரு தடவை செய்தே பார்த்தார்கள். அதே அரிசோனாவில், 1991 செப்டம்பரில், ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருடம் வாழப் போனார்கள். உள்ளேயே குட்டி மழைக்காடு, குட்டிக் கடல், வயல். சுமார் பதினாறு மாதத்தில் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கிவிட்டது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அவர்களோ கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயர மலையில் மூச்சு வாங்குவதுபோல வாழ்ந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? உரம் நிறைந்த மண். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டன. அந்த வாயு செடிகளுக்குப் போயிருந்தால் ஆக்சிஜன் திரும்பியிருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். சுவர் மூச்சைக் குடிக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஹாங்காங்கின் கவ்லூன் கோட்டை நகரம் வேறு மாதிரி. சுமார் ஆறரை ஏக்கர், இங்கே ஒரு சிறிய தேயிலைத் தோட்டம் அளவு. அதில் 1980களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வெயில் எட்டாத சந்துகள். ஆனாலும் வாழ்ந்தார்கள், ஏனென்றால் அது அடைபட்ட ஊர் இல்லை. அங்கே செய்த மீன் உருண்டை ஹாங்காங் கடைகளுக்குப் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

நம் மலையையும் பாருங்கள். தோடர் நெய் கொடுத்தார்கள், கோத்தர் பானையும் இரும்புக் கருவியும், படுகர் தானியம், குறும்பர் தேன். அதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் எந்த ஊரும் தன் வேலிக்குள் மட்டும் பிழைக்கவில்லை.

கதை எழுதும் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நகரத்துக்கு நூறு மாடி வையுங்கள், சரி. அப்புறம், அதன் குழாயில் வரும் தண்ணீர் எந்தச் சோலையில் ஊறுகிறது என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். தேன் கொண்டுவருகிறவர் நுழைய ஒரு வாசலும் வையுங்கள்.