தியோபால்ட் பேம்: ஃப்ளூட்டைப் புதிதாகச் செய்த இசைக்குழுக் கலைஞர்

[காட்சி: ஃப்ளூட்டின் தலைப்பகுதி. துடைப்புக் குச்சி உள்ளே போகிறது.]

ஃப்ளூட்டோடு வரும் துடைப்புக் குச்சியில், ஒரு முனையிலிருந்து சுமார் 17 மில்லிமீட்டரில் ஒரு கோடு இருக்கும். அந்த முனையைத் தலைப்பகுதிக்குள், அதன் மேல்முனையை உள்ளே அடைத்திருக்கும் கார்க்கில் முட்டும்வரை விடுங்கள். ஊதும் துளையின் நட்டநடுவில் கோடு நின்றால் கார்க் சரியாக இருக்கிறது. நுனி மூடியைச் சும்மா சும்மா திருகி இறுக்குவார்கள். அது கார்க்கை வெளிப்பக்கம் இழுத்துவிடும். பிறகு டி என்ற ஸ்வரத்தின் கீழ், நடு, மேல் ஸ்தாயி மூன்றும் சுருதியில் ஒன்றோடொன்று சேராது.

இந்த 17 மில்லிமீட்டர், தியோபால்ட் பேம் வகுத்த அளவு.

[காட்சி: மியூனிக் நகரின் பழைய ஓவியம்.]

1794இல் மியூனிக்கில் பொற்கொல்லர் வீட்டில் பிறந்து, அந்தத் தொழிலையும் கற்றவர். 1818இல் அரசவை இசைக்குழுவில் ஃப்ளூட் கலைஞர். 1828இல் சொந்தமாக ஃப்ளூட் பட்டறை.

1831இல் லண்டனில் ஆங்கிலேய ஃப்ளூட் கலைஞர் சார்லஸ் நிக்கல்சன் வாசித்ததைக் கேட்டார். நிக்கல்சனின் ஃப்ளூட்டில் துளைகள் பெரியவை, நாதமும் பெரியது. அதைக் கேட்டிருக்காவிட்டால் தன் ஃப்ளூட்டே பிறந்திருக்காது என்று பேம் பின்னாளில் எழுதினார்.

[காட்சி: பழைய மர ஃப்ளூட், துளைகள் அருகில்.]

பழைய ஃப்ளூட்டில் துளைகள் விரல் எட்டும் இடத்தில் இருந்தன. இடைப்பட்ட சில ஸ்வரங்களுக்கு, ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளதை மூட வேண்டும். அப்படி வரும் ஸ்வரம் அடைத்த தொண்டையில் பாடியது போலிருக்கும். துளையைப் பெரிதாக்கினால் இந்த உத்தியில் சுருதி போதிய அளவு இறங்குவதுமில்லை.

பேம் வரிசையை மாற்றினார். ஒலிக்கு எங்கே வேண்டுமோ அங்கே முதலில் துளை. விரல் எட்டாத துளையை மூட அச்சுக் கம்பியும் வளையங்களும். பொன்வேலை பழகிய கை இங்கேதான் உதவியது. 1832இல் அந்த ஃப்ளூட் வந்தபோது அவருக்கு வயது 38. தன் விரல் பழக்கம் முழுவதையும் அவரே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அரங்கில் வாசித்துப் பிழைக்கும் ஒருவர் அதைச் செய்தார் என்பதுதான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒலியியலை அறிவியலாளர் ஷாஃப்ஹாய்ட்டலிடம் படித்த பிறகு 1847இல் அடுத்த வடிவம். உடல் நேரான குழாய், உள்விட்டம் 19 மில்லிமீட்டர். தலைப்பகுதியில் மட்டும் உட்சுவர் கார்க்கை நோக்கி மெல்ல வளைந்து, உள்விட்டம் 17 மில்லிமீட்டராகக் குறுகும். துளைகள் விரலால் மூட முடியாத அளவு பெரியவை. அதனால் அவற்றின் மேல் மெத்தை வைத்த மூடிகள். இன்றைய ஃப்ளூட்டின் அடிப்படை இதுவே. ஜி ஷார்ப் என்ற ஸ்வரத்துக்கான கீயை, அதாவது துளை மூடியை, மட்டும் பேம் அழுத்தாதபோது திறந்திருக்கும்படி வைத்திருந்தார்; இன்று பெரும்பாலும் மூடிய வகை.

[காட்சி: பாட்டு வரிகளோடு ஸ்வரத்தாள்.]

ஆசிரியராக அவர் 1871இல் எழுதி வெளியிட்ட நூலில் அளவுகளோடு வாசிப்பு முறையும் உண்டு. நல்ல பாடகர்களைக் கேள், பாட்டின் வரிகளை ஃப்ளூட்டில் வாசி என்கிறார். சொல் எங்கே தொடங்குகிறதோ அங்கே நாக்கு தட்ட வேண்டும். ஒரே அசை பல ஸ்வரங்களில் நீண்டால் நாக்கு படாமல் இழைய வேண்டும். மூச்சு சொல்லின் நடுவில் விழக் கூடாது.