கரவாஜ்ஜோவின் லூட் கலைஞர் வீட்டுக்கு உரியவர்

தலைப்பு: இசைக்கலைஞரைத் தீட்டிய பரோக் (ஒளி-நிழல் முரண் மிகுந்த பழைய ஐரோப்பியப் பாணி) ஓவியத்தை ரசிக்க ஏற்ற இடம் அருங்காட்சியகமா, வீடா?
‘வீடே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று குறைகளை அடுக்கினார். வீட்டில் இருப்பது வெறும் நகல். இருள் மிகுந்த பரோக் ஓவியம் வீட்டுச் சுவரில் கறுப்புப் பலகையாகிவிடும். சோபாவுக்கு மேலே மாட்டியதை யாரும் நின்று பார்ப்பதில்லை. மூன்றுக்கும் ஒரே ஓவியத்தை வைத்து விடை சொல்கிறேன். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1595-96 வாக்கில் தீட்டிய ‘லூட் வாசிப்பவர்’, இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அந்த ஓவியம். லூட் என்பது விரலால் மீட்டும் ஒரு பழைய ஐரோப்பிய நரம்புக் கருவி.

அதை யாருக்காகத் தீட்டினார்? ரோமில் வாழ்ந்த வின்சென்சோ ஜுஸ்தினியானி என்ற செல்வருக்காக. இசையைப் பற்றி நூலே எழுதிய மனிதர் அவர். ஓவியம் மாட்டப்பட்டிருந்தது அவருடைய மாளிகையில். ஹெர்மிடாஜுக்காக அது வாங்கப்பட்டது 1808-இல்தான். அளவோ 94 × 119 செ.மீ. தேவாலயப் பீடத்துக்கான அளவா இது, நடுவர் அவர்களே? நாலு பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அறைக்கான அளவு. நகலே ஆனாலும், அப்படியோர் அறையை அதற்குத் திருப்பித் தருவது வீடுதான்.

ஓவியத்துக்குள்ளே பாருங்கள். வெள்ளைச் சட்டை அணிந்த இளம் கலைஞர், வாய் சற்றே திறந்திருக்க, பாடிக்கொண்டே லூட்டை மீட்டுகிறார். மேசையில் கண்ணாடிக் குடுவையில் பூக்கள், பக்கத்தில் பழங்கள். விரித்த இசை ஏட்டில் இருப்பது ஆர்க்கடெல்ட் என்ற இசையமைப்பாளரின் காதல் பாடல். சுரக்குறிகளைப் படித்துப் பாடிவிடலாம், அவ்வளவு துல்லியம். லூட்டின் மேல்பலகையில் ஒரு விரிசலைக்கூட விடாமல் தீட்டியிருக்கிறார். முன்னால் ஒரு வயலினும் வில்லும் கிடக்கின்றன, எடுப்பதற்கு ஆளில்லாமல். பார்ப்பவரே அதை எடுத்துச் சேர்ந்து வாசிக்கட்டும் என்ற அழைப்பாக அதைக் கொள்வோர் உண்டு. நானும் அந்தக் கட்சி. அப்படியோர் அழைப்பை, கூட்டம் நெருக்க, அடுத்த அறைக்கு நகரும் அவசரத்தில் எப்படி ஏற்பது?

இனி கறுப்புப் பலகை. அது ஓவியத்தின் குறையல்ல, அச்சிட்டவர் செய்த தவறு. திரை தானே ஒளிர்வது. தாள், தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே. அதனால் திரையில் தெரிந்த நிழலின் நுணுக்கம் அச்சில் அடைத்துக்கொள்கிறது. உடனே கான்ட்ராஸ்ட்டை, அதாவது இருளுக்கும் ஒளிக்குமான வேறுபாட்டை, கூட்டுகிறார்கள். சட்டையின் மடிப்பு வெளிறிப்போகிறது, நிழல் இன்னும் அடைகிறது. நிழல் பகுதியை மட்டும் சற்று உயர்த்தி, முதலில் ஏ4 தாளில் ஒரு சோதனை அச்சு எடுக்க வேண்டும். அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: ஏட்டின் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், வெள்ளைச் சட்டைக் கையின் மடிப்புகள் நிற்க வேண்டும், பின்சுவரில் சாய்வாக இறங்கும் ஒளி படிப்படியாக மங்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பெரிய அச்சுக்குப் போகக் கூடாது.

60 × 76 செ.மீ. அச்சுக்கு நீளவாக்கில் சுமார் 4,500 பிக்சல் உள்ள கோப்பு வேண்டும். அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கு அது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்க அது தாராளம். பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம். இருண்ட ஓவியத்தின் மேல் பளபளப்பு வந்தால் எதிர் ஜன்னல்தான் தெரியும், லூட் தெரியாது. பளபளப்பில்லாத மேட் தாளும், நிறத்துகள் கொண்ட பிக்மென்ட் மையும் போதும்.

விளக்குதான் உயிர். கரவாஜ்ஜோவின் ஒளி இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. அறையின் விளக்கும் அதே பக்கத்திலிருந்து விழுந்தால், ஓவியத்தின் ஒளியும் அறையின் ஒளியும் ஒன்றாகிவிடும். வலப்பக்கம் ஜன்னல் இருக்கும் சுவரில் மாட்டினால் இரண்டும் சண்டையிடும். கூரை 3 மீட்டர், படத்தின் நடுப்பகுதி 1.5 மீட்டர் உயரம் என்றால், விளக்கு சுவரிலிருந்து 85 செ.மீ. அளவில் இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல்பகுதியில் விழும். விலகினால் பார்ப்பவரின் நிழலே விழும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, மஞ்சள் சாயல் ஒளி தரும் எல்இடி; நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவீடான சிஆர்ஐ 90-க்கு மேல். சிஆர்ஐ குறைந்தால் சிவப்பு செத்து, முகம் சாம்பல் பூத்துவிடும். தூய வெள்ளைச் சுவரும் பகைதான்: கண்ணின் பாவை சுருங்கி, நிழலுக்குள் இருப்பதைப் பார்க்க முடியாமல் செய்யும். மங்கிய மண்நிறம் நல்லது.

‘சோபாவுக்கு மேலே யாரும் பார்ப்பதில்லை’ என்றார்கள். உண்மை; ஏனென்றால் உட்கார்ந்தவருக்கு அது முதுகுப்பக்கம். எதிர்ச்சுவருக்கு மாற்றி, உட்கார்ந்து பார்ப்பவருக்காகப் பத்துப் பதினைந்து செ.மீ. இறக்கினால், ஏடு கண்மட்டத்துக்கு நெருங்கி வரும்.

மழைக்காலத்தில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்குமே என்று எதிரணித் தோழி கேட்டார். நியாயமான கவலை. வெளிச்சுவரைத் தவிர்க்கலாம். சட்டத்தின் பின்புற மூலைகளில் 5 மி.மீ. தடிப்பான ரப்பர் துண்டுகளை ஒட்டினால் காற்று புகும். கண்ணாடி போட்டால் தாளைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு வைக்க வேண்டும். தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது உரிந்து வரும்.

இவ்வளவையும் ஒரு சனிக்கிழமைக்குள் செய்து முடிக்கலாம், நடுவர் அவர்களே. தீர்ப்பை வீட்டுக்கே வழங்க வேண்டுகிறேன். நன்றி.